ஸ்டெல்லாவிடம் விடைபெறும் முறை

1

பம்பாய்க்குக் குடிவந்தவர்கள் ஊருக்கு எழுதும்போது ரயில் நெரிசலைப் பற்றி எழுதுகிறார்கள். அல்லது மழையைப் பற்றி. நானும் எழுதியிருக்கிறேன். இம்முறை தாராவியில் உள்ள ஒரு பை தைக்கும் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு மனிதர் தன் தங்கை மகளிடம் விடைபெற்றதைப் பார்த்தேன். அது விளங்க வேண்டுமானால் சற்று முன்பிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டைப் பகுதியில் ஒரு செய்தி நிறுவனத்தில் எனக்குத் துணையாசிரியர் வேலை. வீடு செம்பூரில். எங்கள் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மூத்தவர்களுக்கு மட்டுமே உரியது. எனக்குக் கிடைத்தது செவ்வாய். அன்று மனைவி வேலைக்கும் மகள் உமா பள்ளிக்கும் போய்விட, நான் பஸ் ஏறி, அந்தப் பட்டறையை நடத்தும் சாகுல் அமீதைப் பார்க்கப் போவேன். அவர் மேலப்பாளையத்துக்காரர், நான் பாளையங்கோட்டை. இரண்டு ஊருக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் சந்தித்திருக்கவே மாட்டோம். இங்கே அவர் என்னை அண்ணாச்சி என்கிறார், எழுந்து முக்காலியை நகர்த்திப் போடுகிறார், பால் விடாத சாயா வரவழைக்கிறார்.

பட்டறை என்பது ஒற்றை அறை. வெளிச்சம் வாசல் பக்கம்தான். அந்த வெளிச்சத்தில், தைத்து முடித்த பள்ளிப் பைகளை மடியில் போட்டு, தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருப்பாள் ஸ்டெல்லா. வயது பத்தொன்பது, சிறுமி என்றுதான் முதலில் நினைப்பீர்கள். சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, யாரைக் கண்டாலும் சிரிப்பு. முதல் நாள் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அடுத்த செவ்வாயும் கேட்டாள். அதற்கடுத்த செவ்வாயும் அதே ஆவலோடு கேட்டாள்.

சாகுல் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் பேரச் சொல்லிருங்க அண்ணாச்சி. 'அன்னைக்கே சொன்னேனே'ன்னு மட்டும் சொல்லாதீங்க. அவளுக்கு அது திட்டுன மாதிரி."

நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது சில வாரங்களில் அவளுக்கே நினைவிருக்கிறது. சில வாரங்களில் இல்லை. ஆனால் அவள் கையைத் தாண்டி வெளியே போகும் பையில் ஒரு பிசிறைக்கூட நான் பார்த்ததில்லை.

2

அவளுடைய தாய் ஞானம்மா அதே சந்தில் குடியிருக்கிறார். காலையில் இட்லி அவித்து விற்கிறார். நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு பம்பாய் வந்தவர். அவர் வந்தபோது இங்கே மதுவிலக்கு. தாராவிக்குப் பின்னால் இருந்த சதுப்பில் சாராயம் காய்ச்சும் அடுப்புகள் எரிந்தன. கணவர் சுமை தூக்கினார். இவருக்கு அந்த அடுப்புகளில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டேன்.

"ருசி பாக்குத வேலை," என்றார். "சொட்டுச் சொட்டா இறங்கும்லா, அத வாயில விட்டுச் சொல்லணும். காட்டமா இருக்கா, நீத்துப் போச்சா, இன்னும் ஓடவிடலாமான்னு. எனக்கு நாக்கு நல்ல நாக்குன்னு கூலி கூடக் குடுத்தாக. இவ வயித்துல இருக்கும்போதும் பாத்தேன். கடைசி மாசம் வரைக்கும். ருசி பாக்குறதோட நிக்கலய்யா, பொய் சொல்லக் கூடாது. அது இல்லாம ராத்திரி கண்ணடையாதுன்னு ஆயிருச்சு."

கணவர் இறந்த பிறகு அவர் அந்த வேலையையும் குடியையும் ஒன்றாக விட்டார். ஸ்டெல்லா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள், பொய் சொல்கிறாள் என்றார்கள். நேற்றுப் போட்ட கணக்கு இன்று மறந்துபோவதை நடிப்பு என்று நினைத்து அடித்தார்கள். பள்ளி நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலுக்காக மாநகராட்சி மருத்துவமனை ஒன்றுக்குப் போனபோது ஒரு மராத்திப் பெண் டாக்டர் ஸ்டெல்லாவின் முகத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, காய்ச்சலை விட்டுவிட்டு ஞானம்மாவிடம் வேறு கேள்விகள் கேட்டார். கடைசியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். தாய் குடிக்கும் மது கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால் வருவது. மருத்துவ உலகமே இந்தப் பெயரைச் சமீபத்தில்தான் வைத்திருக்கிறது. தமிழில் இதற்கு நான் ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள். விருந்தாளி வந்தால் அவளைப் பின்கட்டு அறையில் விட்டுக் கொண்டி போடுவார்கள். அவளுக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. 'மந்தம்' என்ற ஒரு சொல்லை வைத்தே எல்லோரும் சமாளித்தார்கள்.

அந்த டாக்டரை நானும் போய்ப் பார்த்தேன். செய்திக்காரன் புத்தி, கேட்டதைச் சரிபார்க்காமல் விடாது. அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "கண் தெரியாதவரிடம் உற்றுப் பார் என்று யாரும் கத்துவதில்லை. இந்தப் பெண்ணிடம் ஞாபகம் வை, யோசித்துச் செய் என்று கத்துகிறோம். இதற்கு மருந்து இல்லை. ஆனால் குறைவாகப் பேசலாம், ஒன்றையே ஒரே மாதிரி சொல்லலாம், யாராவது ஒருவர் கூடவே இருக்கலாம். அவளைச் சுற்றியுள்ளவர்கள் மாறினால் அவள் நன்றாக இருப்பாள். அந்தத் தாயிடமும் சொல்லுங்கள், அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

சலுகைப் பஸ் பாஸ் கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்துக்கு ஞானம்மாவோடும் ஸ்டெல்லாவோடும் போனேன். அங்கிருந்த குமாஸ்தா கோபக்காரர் அல்ல, அவருக்குத் தரப்பட்ட வகைகள் அவ்வளவுதான். கண்ணா, காதா, காலா, எதில் குறை என்று கேட்டார். ஞானம்மா மகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "மூணும் நல்லாத்தான இருக்கு," என்றார் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். குமாஸ்தா, "அப்புறம் என்ன?" என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். திரும்பி வந்துவிட்டோம்.

3

ஸ்டெல்லாவைப் பட்டறையில் சேர்த்தது இரக்கத்தால் அல்ல என்று சாகுல் சொல்வார். பிசிறு வெட்ட வருகிறவர்கள் மூன்றாம் நாள் சலித்து, தையலுக்குத் தாவிவிடுகிறார்கள். இவள் சலிப்பதில்லை. ஆனால் இவளிடம் எப்படி வேலை சொல்வது என்று கற்றுக்கொள்ள மற்றவர்களுக்குத்தான் நாளாயிற்று.

இயந்திரத்தில் உட்காரும் செல்வம் பம்பாயிலேயே பிறந்தவன். பேசுவது தமிழ்தான், ஆனால் சொல்லுக்குச் சொல் இந்தி கலக்கும். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்: கல். செல்வம் ஒருநாள், "ஏட்டி ஸ்டெல்லா, வீட்ல பெரிய கத்திரி இருக்குல்லா, கல் கொண்டா," என்றான். நாளை கொண்டுவரச் சொன்னது. அவள் உடனே எழுந்து போனாள். ஒரு கையில் கத்திரியும் மறு கையில் செங்கல் அளவுக்கு ஒரு கருங்கல்லுமாக வந்து நின்றாள்.

செல்வம் இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். சாகுல் மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்குடே சிரிக்க? கத்திரி கேட்ட, கல்லு கேட்ட. ரெண்டும் வந்திருக்கு. கத்திரியக் கல்லுல தீட்டலாம்னு அவளுக்குத் தோணிருக்கு. உனக்குத் தோணுச்சா?"

அன்றிலிருந்து பட்டறையில் அந்தச் சொல்லுக்குத் தடை. வாய் தவறியவன் எல்லோருக்கும் சாயா வாங்க வேண்டும். முதல் மாதம் செல்வம் நிறைய வாங்கினான். பிறகு 'நாளைக்கு' என்பதும் போயிற்று, 'அப்புறம்' என்பதும் போயிற்று. ஸ்டெல்லாவுக்கு அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிவதில்லை. பதிலுக்கு, "குழாய்ல தண்ணி வந்ததும்," "பள்ளிவாசல்ல பாங்கு சொன்னதும்," "உங்க அம்மை வந்ததும்" என்று சொல்லப் பழகினார்கள். முடிந்த பைகள் நீலத் துணியின் மேல், முடியாதவை வெறுந்தரையில். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்வது. சொல்வதைவிடச் செய்து காட்டுவது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதை ஞானம்மா வந்து சொல்ல, சாகுல் அதைப் பட்டறை மொழிக்கு மாற்றினார். நான் தினமும் இரண்டு மொழிகளுக்கு நடுவே வேலை செய்கிறவன். இவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பை எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

4

இந்த ஆண்டு மழைக்காலத்தில், ஆண்டாப் ஹில்லில் ஒரு கடைக்குப் பைகளைக் கொடுக்கச் செல்வம் போனான். சுமக்க ஒத்தாசைக்கு ஸ்டெல்லாவும் போனாள். கொடுத்து முடிந்ததும் அவளைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்தான். அவள் தனியாக வந்து பழகிய பஸ்தான். "தாராவி பஸ் வந்தா ஏறிரு. நான் போயிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஸ்டெல்லா ஏறவில்லை. பஸ்கள் வந்தன, போயின. மழை பிடித்தது. பட்டறை மூடும் நேரமாகியும் மகளைக் காணாமல் ஞானம்மா சந்து சந்தாகத் தேடினார். மாதா கோயிலில் போய்ப் பார்த்தார். பிறகு சாகுலும் அவரும் ஆண்டாப் ஹில்லுக்கே ஓடினார்கள். விளக்குப் போடும் நேரத்தில், நிறுத்தத்தின் அதே தூணை ஒட்டி, முழுதும் நனைந்து, நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் மக்கா பஸ்ல ஏறல?"

"செல்வம் அண்ணன் போயிட்டு வாறேன்னு சொன்னாவ. இன்னும் வரல."

காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, குணமாக நாளானது. அம்பர்நாத்தில் ஆலை வேலையில் இருக்கும் ஞானம்மாவின் அண்ணன் தேவசகாயம் பார்க்க வந்தார். தங்கையையும் அவர் கணவரையும் பம்பாய்க்கு அழைத்து வந்தவரே அவர்தான். இந்தக் குடும்பத்துக்கு வேறு ஆண் துணை இல்லை. அளந்து பேசுகிற, நல்ல மனிதர். அவர் பட்டறைக்கு வந்து பேசிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, நான் சொல்லுதத நிதானமாக் கேளு. இன்னைக்கு மழையில நின்னா. இன்னொரு நாள் எவனாவது வான்னு கூப்பிட்டா போயிருவா. இவளுக்கு எல்லாரும் நல்லவுக. ஊர்ப்பக்கம் சிஸ்டர்மாரு ஒரு இல்லம் வச்சிருக்காக. பேசிட்டேன். சுவரு இருக்கு, கதவு இருக்கு. பத்திரமா இருப்பா."

"அங்க அவளுக்கு யாரண்ணே தெரியும்?"

"இங்க மட்டும் நாளைக்கு யாரு யாருன்னு அவளுக்குத் தெரியவா போகுது?"

அது கொடுமையான கேள்வி, ஆனால் நியாயமானது. ஞானம்மா, "கிறிஸ்மஸ் வரைக்கும் விடுங்க," என்று மட்டும் கேட்டார். தேவசகாயம் சம்மதித்தார். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் தான் வந்து பார்ப்பதாகவும், மனசுக்குச் சரிப்படாவிட்டால் அழைத்துப்போவதாகவும் சொன்னார்.

5

அவர் போன பிறகு செல்வம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நான் பொய்யா சொன்னேன் பாய்? எல்லாரும் சொல்றதுதான?" என்றான்.

ஞானம்மா அவனைப் பார்த்தார். "பொய்தான்டே. நீ மட்டும் இல்ல, நாம எல்லாருந்தான். போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு ஒருத்தரும் வாறதில்ல. நமக்கு அது வெறும் பேச்சு. அவ நம்பிருதா."

எங்கள் மொழியில் 'போறேன்' என்று மட்டும் சொல்லிப் போவது சாகப் போகிறவன் பேச்சு. நான் பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று, ரயில் நகரும்போது அவசரத்தில் "போறேன்ப்பா" என்றுவிட்டேன். அப்பா ஜன்னலோடு கூடவே ஓடிவந்து, "போயிட்டு வாறேன்னு சொல்லுலே!" என்று கத்தினார். மூச்சிரைக்கச் சொல்லவைத்த பிறகுதான் நின்றார். மதம் எதுவானாலும் இந்தப் பயம் ஒன்றுதான். "வெறுமன போறேன்னு சொன்னா எங்க உம்மா வாசலத் தாண்ட விடமாட்டாக," என்றார் சாகுல்.

ஆனாலும் அவர்தான் முதலில் சொன்னார். அன்று மாலை கதவைப் பூட்டும்போது ஸ்டெல்லாவின் முன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டெல்லா, பாய் போறேன். இன்னைக்கு வரமாட்டேன். காலைல பாங்கு சொன்னதும் வருவேன்," என்றார். சொல்லி முடித்ததும் உதடு ஏதோ ஓதியது.

பட்டறையிலிருந்து அது சந்துக்குப் பரவியது. மளிகைக் கடைக்காரர் பழகிக்கொண்டார். சந்து முனையில் மீன் விற்கும் பேச்சியம்மாள் ஒரு வாரம் மறுத்தார்: "புருஷன் புள்ளைக இருக்காவ எனக்கு, என் வாயால அத எப்படிச் சொல்லுவேன்?" பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றுமுன் தன் வாயில் தானே ஓர் அடி போட்டுக்கொள்வார். எல்லோரையும்விடச் சிரமப்பட்டது ஞானம்மா. கணவரை இழந்தவர், விடிகாலையில் தூங்கி எழும் மகளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னார். முதல் சில நாட்கள் சுவரில் இருந்த சிலுவையைத் தொட்டுவிட்டுச் சொன்னார். பிறகு இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே சொல்ல வந்துவிட்டது.

செம்பூரில் எங்கள் வீட்டில் நடப்பது நேர்மாறு. உமா இந்தியில் நினைத்துத் தமிழில் பேசுகிறவள். "அம்மா, நான் போறேன்" என்று பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மனைவி அவளை நிறுத்தித் திருத்துகிறாள். தெரியாமல் சொல்கிற பிள்ளையை அங்கே கண்டிக்கிறோம். இங்கே தெரிந்தவர்கள், பயந்துகொண்டே, ஒரு பெண்ணுக்காக அதையே சொல்லிப் பழகுகிறார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர் வழக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அதை நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன். அதனால்தான் இந்தச் சந்து செய்தது எனக்குச் சிறிய காரியமாகத் தெரியவில்லை.

6

சென்ற செவ்வாய் தேவசகாயம் வந்தார். நேரே பட்டறைக்கு வரவில்லை. சந்து முனையில் நின்றுகொண்டு, தண்ணீர்ப் பானை நிரப்ப வெளியே வந்த ஸ்டெல்லாவைக் கைகாட்டி அழைத்தார். "வா மக்கா, ஸ்டேஷன் வரைக்கும் போவோம்." சோதித்துப் பார்க்கத்தான்.

ஸ்டெல்லா பானையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அந்த விஷயத்தில் அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. நாலு எட்டு வைப்பதற்குள் பேச்சியம்மாள் மீன் கத்தியோடு குறுக்கே வந்து நின்றார்.

"யாருவே நீரு? புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீரு?"

"நான் இவ தாய்மாமன்."

"மாமனா இருந்தா என்ன, மச்சானா இருந்தா என்ன? அவ அம்மைட்டச் சொன்னீரா? பாய்ட்டச் சொன்னீரா? ஏ செல்வம், இங்க வா, இந்த ஆளு யாருன்னு பாரு!"

செல்வம் ஓடி வந்து, மாமன்தான் என்றான், பேச்சியம்மாள் நம்பவில்லை. மளிகைக் கடைக்காரரும் கல்லாவை விட்டு இறங்கினார். தேவசகாயத்தை ஏறக்குறைய இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஞானம்மா வந்து அடையாளம் சொன்ன பிறகும் பேச்சியம்மாள், "முன்னாலயே சொல்லிருக்கலாம்லா," என்று முறைத்துவிட்டுத்தான் போனார்.

அதன்பின் தேவசகாயம் வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நீலத் துணியின் மேல் பைகள் உயர்வதைப் பார்த்தார். ஒரு பையை எடுத்து ஓரங்களில் விரலை ஓட்டினார். சாயா குடித்தார். இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. ஞானம்மாவும் கேட்கவில்லை, அவர் கண் அண்ணனின் தோள்பையிலேயே இருந்தது. ரயில் டிக்கெட் அதில் இருக்கிறதா இல்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

கடைசியில் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுதேன்," என்றார் தங்கையிடம். ஸ்டெல்லாவின் தலையைத் தொட்டு, "போயிட்டு வாறேன் மக்கா," என்றார். நடந்தார்.

ஸ்டெல்லா கத்திரியைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த பையை எடுத்து ஓரமாக வைத்தாள். வாசற்படியில் போய், அவர் போன திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஞானம்மா சத்தமாகக் கூப்பிட்டார். "அண்ணே! அவ இனி எந்திரிக்க மாட்டா. ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பா. வந்து சரியாச் சொல்லிட்டுப் போங்க!"

தேவசகாயம் சந்து முனையில் திரும்பினார். என்ன சொல்ல வேண்டும் என்று செல்வம் ஓடிப்போய்ச் சொல்லிக் கொடுத்தான். அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் திரும்பி வந்தார். ஸ்டெல்லாவின் முன்னால் நின்றார்.

"மாமா போறேன்," என்றார். "அம்பர்நாத்துக்கு. இன்னைக்கு வரமாட்டேன்."

"எப்ப வருவீங்க?"

"கிறிஸ்மஸ் அன்னைக்கு. கோயில்ல பூசை முடிஞ்சதும்."

"என்னக் கூட்டிட்டுப் போகவா?"

வழக்கமான பேச்சு என்றால் இந்த இடத்தில் 'பாப்போம்' என்று சொல்லிவிடலாம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் பார்ப்போம் என்றால் ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருப்பாள். தேவசகாயத்துக்கு அது அதற்குள் புரிந்திருந்தது. தங்கையைப் பார்த்தார், பிறகு சாகுலை. தோள்பையின் வாரை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

"இல்ல," என்றார். "கூட்டிட்டுப் போக இல்ல. உன்னப் பாக்கதுக்கு வருவேன். கேக் கொண்டாருவேன். நீ இங்கதான் இருப்ப."

"சரி மாமா. போங்க," என்றாள் ஸ்டெல்லா. எழுந்து உள்ளே போய், பையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

போகச் சொல்லிவிட்ட பிறகும் தேவசகாயம் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.